ஈயத் தகட்டைச் சுருட்டி வைத்த மனிதர்



காலையில் கிளாஸுக்கு லேட் ஆகிவிட்டது. பைக்கில் செல்ஃபை அமுக்குறீங்க. டிக் டிக்னு ஒரு சத்தம், அதோட சரி. என்ன பண்ணுவீங்க? கிக்கரை உதைப்பீங்க, இல்லைன்னா ஃபிரெண்டைத் தள்ளச் சொல்லுவீங்க. முதல் பீரியட் போகும். பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்லை.

இப்போ அதே மாதிரி ஒரு பேட்டரியை, நாலு பேர் உட்காரும் ஒரு சின்ன விமானத்துக்குள் வைத்துப் பாருங்க. இரவு நேரம். சுற்றிலும் மேகம். ஆல்டர்னேட்டர் நின்றுவிட்டது. இன்ஜின் நிற்காது, இந்த வகை பிஸ்டன் இன்ஜின்களில் பெரும்பாலானவற்றுக்குத் தீப்பொறி தருவது மேக்னட்டோ, அதற்கு பேட்டரி தேவையில்லை. ஆனால் ரேடியோ, டிரான்ஸ்பாண்டர், வழிகாட்டும் திரை, விளக்கு எல்லாம் இனி பேட்டரியை நம்பித்தான். அது எத்தனை நிமிஷம் தாங்கும்? அங்கே தள்ளிவிட யாரும் இல்லை.

அப்படிப்பட்ட நிமிஷங்களை ஒரு ஜாடிக்குள் சேர்த்து வைக்கலாம் என்று 1859-லேயே செய்து காட்டியவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகன், காஸ்தோன் பிளாந்தே. இன்றைக்கும் பெரும்பாலான சின்ன விமானங்களில் இருப்பது அவருடைய ஈய-அமில பேட்டரியின் வாரிசுதான். அவர் வாழ்க்கையைத் தெரிஞ்சுக்கிட்டா, விமானத்துக்கு பேட்டரியை எப்படித் தேர்ந்தெடுக்கணும், எப்படிப் பார்த்துக்கணும் என்பதும் பாதி புரிந்துவிடும். வாங்க, போகலாம்.

பறவைக்குப் பெயர் கொடுத்தவர்

பிளாந்தே பிறந்தது 1834 ஏப்ரல் 22-ல். பிரான்ஸின் தென்மேற்கு மூலையில், பிரெனீஸ் மலைகளுக்குப் பக்கத்தில் உள்ள ஓர்தெஸ் என்ற ஊர். அவருடைய தம்பி பிரான்சிஸ் பிளாந்தே பின்னாளில் பெயர்பெற்ற பியானோ கலைஞர். ஒரே வீட்டில் ஒருவர் இசைக்குப் போனார், இன்னொருவர் மின்சாரத்துக்குப் போனார்.

1854-ல் பாரிஸில் உள்ள தேசியக் கலை-தொழில் கல்வி நிறுவனத்தில் இயற்பியல் விரிவுரை உதவியாளராகச் சேர்ந்தார். நம்ம மொழியில் சொன்னா, வகுப்பில் சோதனைகளைச் செய்து காட்டத் துணை நிற்கிற லேப் அசிஸ்டென்ட். பேராசிரியர் யார் தெரியுமா? எட்மோன் பெக்கெரெல். ஒளி பட்டால் மின்சாரம் உண்டாகும் என்று 1839-ல் கண்டவர். கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த ஹென்றி பெக்கெரெலின் அப்பா.

அடுத்த வருஷமே நம்மாளுக்குப் பெயர் கிடைத்தது. ஆனால் மின்சாரத்தில் இல்லை! 1855-ல் பாரிஸுக்குப் பக்கத்தில் மெடோன் என்ற இடத்தில், பறக்க முடியாத ஒரு ராட்சதப் பறவையின் புதைபடிவ எலும்பைக் கண்டுபிடித்தார். அந்தப் பறவை இனத்துக்கு அவர் பெயரை வைத்தே காஸ்டோர்னிஸ் என்று பெயர் சூட்டினார்கள். அப்போது அவருக்கு வயது 20. மெடோன் என்ற பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, மறுபடியும் அங்கே வருவோம்.

ஏன் ஈயம்?

அந்தக் காலத்தில் பேட்டரி என்றால் ஒருமுறை பயன்படுத்துவது. துத்தநாகம் அமிலத்தில் கரையும், மின்சாரம் வரும், துத்தநாகம் தீர்ந்தால் வேலை முடிந்தது. ஆனால் ஒரு விநோதம் தெரிந்திருந்தது. ஒரே உலோகத்தில் இரண்டு தகடுகளைத் திரவத்தில் வைத்து வெளியிலிருந்து மின்சாரம் செலுத்திவிட்டு, வெளி இணைப்பைத் துண்டித்தால், தகடுகள் சிறிது நேரம் எதிர்த்திசையில் மின்சாரத்தைத் திருப்பித் தரும். ஜெர்மனியின் ரிட்டர் 1800-களின் தொடக்கத்திலேயே இதைப் பார்த்தார். 1854-ல் சின்ஸ்டெடன் ஈயத் தகடுகளிலும் கவனித்தார். மற்றவர்களுக்கு இது பெரும்பாலும் ஒரு தொந்தரவு. செல்லின் வேலையைக் கெடுக்கிற எதிர் மின்னோட்டம்.

பிளாந்தே இந்தத் தொந்தரவையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். செம்பு, வெள்ளி, தகரம், தங்கம், பிளாட்டினம், ஈயம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். எது அதிக நேரம், அதிக வலுவோடு திருப்பித் தருது? தங்கமும் பிளாட்டினமும் தோற்றன. ஜெயித்தது மலிவான ஈயம்.

1859-ல் அவர் செய்தது ரொம்ப எளிமையான ஒரு அமைப்பு. இரண்டு நீளமான ஈயத் தகடுகள், ஒன்றையொன்று தொடாமல் இருக்க நடுவில் ரப்பர் பட்டைகள். பாய் சுருட்டுவது போல இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, கண்ணாடி ஜாடியில் நீர்த்த கந்தக அமிலத்துக்குள் இறக்கினார். ஏன் சுருட்டணும்? சின்ன ஜாடிக்குள் பெரிய பரப்பு கிடைக்கும். தகடுகள் நெருக்கமாக இருப்பதால் உள் மின்தடை குறையும். அதனால் ஒரே நொடியில் பெரிய மின்னோட்டத்தை இழுக்கலாம். ஸ்டார்டர் மோட்டார் கேட்பது இதைத்தான்.

1860-ல் ஒன்பது செல்களைச் சேர்த்து ஒரு பேட்டரியாக பிரெஞ்சு அறிவியல் அகாதமியில் காட்டினார். ஒவ்வொரு செல்லும் சுமார் 2 வோல்ட். இந்த எண் இன்னும் மாறவே இல்லை. 12 வோல்ட் விமான பேட்டரியைப் பிரித்தால் ஆறு செல், 24 வோல்ட் என்றால் பன்னிரண்டு செல். பேட்டரி வாங்கும்போது முதல் கேள்வி இதுதான்: உங்க விமானத்தின் மின் அமைப்பு 14 வோல்ட்டா, 28 வோல்ட்டா? முதலாவதுக்கு 12 வோல்ட் பேட்டரி, இரண்டாவதுக்கு 24. இதில் உங்க விருப்பத்துக்கு இடமே இல்லை. விமானத் தயாரிப்பாளர் அனுமதித்த பட்டியலுக்குள்தான் தேர்வு.

பொறுமையாகப் பழக்கிய தகடுகள்

புதிதாகச் செய்த பிளாந்தே செல்லில் கொள்ளளவு ரொம்பக் குறைவு. வழவழப்பான ஈயத்தின் மேல்தோல் மட்டும்தானே வேலை செய்யும்! அவர் என்ன செய்தார்? சார்ஜ் செய்தார், காலி செய்தார். திசையை மாற்றி மறுபடி சார்ஜ் செய்தார். நடுவில் சில நாள் சும்மா விட்டார். திரும்பத் திரும்ப, மாதக்கணக்கில். ஒவ்வொரு சுற்றிலும் ஈயத்தின் மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சு மாதிரி ஆனது. ஒரு பக்கம் பஞ்சு ஈயம், மறுபக்கம் ஈய டை ஆக்சைடு. பரப்பு கூடியது, கொள்ளளவும் கூடியது. இந்த வேலைக்குத்தான் ஃபார்மிங் என்று பெயர்.

அந்தச் சும்மா விடுகிற நாட்களில் என்ன நடந்தது? தகட்டுக்குள்ளேயே மெதுவாக எதிர்வினை நடந்து ஈய சல்பேட் உருவாகும். புதிய ஈயமும் அதில் பங்கெடுக்கும். அடுத்த சார்ஜில் அந்தச் சல்பேட் பஞ்சு ஈயமாகவோ டை ஆக்சைடாகவோ மாறும். சல்பேட்டின் பங்கை கிளாட்ஸ்டோனும் டிரைபும் 1882-ல்தான் தெளிவாக விளக்கினார்கள். பிளாந்தே அதற்கு 20 வருஷம் முன்பே அதைக் கையால் பழகி வைத்திருந்தார்.

இங்கேதான் விமானக்காரர்களுக்கு ஒரு பாடம். அதே மெதுவான எதிர்வினைதான் இன்று ஹேங்கரில் சும்மா நிற்கிற விமானத்தின் பேட்டரியைக் கொல்லுது. பிளாந்தே சில நாள் விட்டுவிட்டு உடனே மறுபடி சார்ஜ் செய்தார். நாம் மாதக்கணக்கில் விட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். சல்பேட் சின்னத் துகளாக இருக்கும்போது சார்ஜ் செய்தால் கரைந்துவிடும். நாள் ஆக ஆகப் பெரிய படிகமாக இறுகிப்போனால் சார்ஜருக்கும் அசையாது. அவ்வளவு பரப்பு நிரந்தரமாக நஷ்டம். வெப்பமும் சேர்ந்தால் இன்னும் மோசம். சுமார் 10 டிகிரி செல்சியஸ் கூடினால், தானாகக் காலியாகும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும்.

சார்ஜர் இல்லாத பேட்டரி

பிளாந்தேவின் பேட்டரி உடனே உலகத்தை மாற்றியது என்று நினைச்சீங்கன்னா, இல்லை. காரணம் எளிது. சார்ஜ் செய்ய எதுவும் இல்லை! டைனமோ இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. துத்தநாகத்தைத் தின்னும் புன்சன் செல்களை வைத்துத்தான் அவர் சார்ஜ் செய்தார். ஒரு பேட்டரியை நிரப்ப இன்னொரு பேட்டரியைக் கரைக்க வேண்டிய நிலை.

அவர் விடவில்லை. ஒரு தந்திரம் செய்தார். வெறும் இரண்டு புன்சன் செல்களால் பல ஈய செல்களை இணையாகக் கோத்து நிரப்பினார். நிரம்பியதும் ஒரு சுவிட்சைத் திருப்பி எல்லாவற்றையும் தொடராக மாற்றினார். படிப்படியாக 800 செல்கள் வரை போனார். சுமார் 1,600 வோல்ட். அதை வைத்து மைக்கா மின்தேக்கிகளை இணையாக நிரப்பித் தொடராக மாற்றி, இன்னும் பெரிய மின்னழுத்தத்தை எட்டினார். ஹை வோல்டேஜ் லேபில் மார்க்ஸ் ஜெனரேட்டர் படிச்சிருப்பீங்களே, அதே தத்துவம், பல பத்தாண்டுகள் முன்னாடியே. அந்தப் பொறிகளை வைத்து மின்னல், பந்து மின்னல் போன்றவற்றைப் புரிந்துகொள்ள முயன்றார். 1879-ல் தன் ஆய்வுகளைப் புத்தகமாக வெளியிட்டார்.

1870-களில் கிராம் டைனமோ வந்தது. 1881 வாக்கில் கமீல் ஃபோர், ஈய ஆக்சைடைப் பசையாகத் தகட்டில் பூசும் முறையைக் கொண்டுவந்தார். மாதக்கணக்கான ஃபார்மிங் வேலை வெகுவாகச் சுருங்கியது. அதன் பிறகுதான் பிளாந்தேவின் செல் தொழிற்சாலைப் பொருளானது.

இதிலும் நமக்கு விஷயம் இருக்கு. பேட்டரி தனியாள் இல்லை, சார்ஜ் செய்கிற அமைப்போடு சேர்ந்துதான் அதன் ஆயுள். 12 வோல்ட் பேட்டரிக்கு விமானத்தில் ஏன் சுமார் 14 வோல்ட் கொடுக்கிறோம்? ஆறால் வகுத்துப் பாருங்க, செல்லுக்கு 2.33 வோல்ட். செல்லின் சொந்த 2 வோல்ட்டை மீறித் தள்ளினால்தான் சார்ஜ் உள்ளே போகும். அளவு குறைந்தால் சல்பேட் முழுதாகக் கரையாது. கூடினால் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயுவாகப் போகும். அதனால பேட்டரி அடிக்கடி செத்தால், புதுசு வாங்குவதற்கு முன்னாடி வோல்டேஜ் ரெகுலேட்டரை அளந்து பாருங்க.

மெடோன் வானத்தில் ஒரு கேள்வி

1881-ல் பாரிஸில் சர்வதேச மின்சாரக் கண்காட்சி. அங்கே காஸ்தோன் திசாந்தியே என்பவர், மின் மோட்டாரால் ஓடும் ஒரு சிறிய வான்கப்பல் மாதிரியைக் காட்டினார். அதன் மோட்டாருக்கு மின்சாரம் தந்தது ஒரு குட்டி பிளாந்தே செல். ஈய பேட்டரி காற்றில் ஏறியாச்சு!

ஆனால் ஆள் ஏறுகிற அளவுக்குக் கட்டும்போது கதை மாறியது. 1883-ல் திசாந்தியே சகோதரர்கள் பறந்த முழு அளவு வான்கப்பலில் இருந்தவை பைகுரோமேட் செல்கள். 1884 ஆகஸ்ட் 9-ல் ரெனார், கிரெப்ஸ் என்ற இரண்டு ராணுவப் பொறியாளர்கள், லா ஃபிரான்ஸ் என்ற வான்கப்பலில் 8 கிலோமீட்டரை 23 நிமிஷத்தில் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே திரும்பினார்கள். அதன் பேட்டரியின் எடை மட்டும் 435 கிலோ. அதுவும் ஈயம் இல்லை; குரோமிக் அமிலத்தை வைத்து இதற்காகவே ரெனார் வடிவமைத்த, ரீசார்ஜ் செய்ய முடியாத செல்கள். அவர்கள் கிளம்பிய இடம் எது தெரியுமா? மெடோன். பிளாந்தே தன் கடைசி நாட்களைக் கழித்த அதே ஊர்.

ரெனார் போட்ட கணக்கைத்தான் இன்றைக்கும் ஒவ்வொரு விமானச் சொந்தக்காரரும் போடுகிறார்: ஒரு கிலோவுக்கு எவ்வளவு ஆற்றல்? ஈயம் கனமானது, ஆனால் மலிவு, நூறு வருஷத்துக்கு மேல் பழகிய பொருள். அதில் இரண்டு வகை. திறந்து தண்ணீர் ஊற்றும் பழைய வகை. விலை குறைவு, கவனிப்பு அதிகம். கண்ணாடி இழைப் பாயில் அமிலத்தை உறிஞ்சி வைத்த, மூடிய ஏ.ஜி.எம். வகை, அமிலம் சிந்தாது, தானாகக் காலியாவதும் மெதுவாகத்தான். மூன்றாவதாக லித்தியம் இரும்பு பாஸ்பேட். எடை பாதிக்கும் கீழே இறங்கலாம். ஆனால் அதற்குத் தனிக் கட்டுப்பாட்டு மின்சுற்று வேண்டும், உங்க விமானத்துக்கு முறையான அனுமதியும் வேண்டும். இன்னொன்று, எடை குறைந்தால் விமானத்தின் ஈர்ப்பு மையமும் நகரும். பேட்டரி மூக்கில் இருக்கா, வாலில் இருக்கா என்பதைப் பொறுத்து எடைச் சமநிலைக் கணக்கை மறுபடி போட்டே ஆகணும்.

ஸ்டார்ட் ஆகுதே, போதாதா?

போதாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துட்டுப் போகணும்னா இதை எடுத்துட்டுப் போங்க.

ஒரு சின்னக் கணக்கு. ஸ்டார்டர் 200 ஆம்பியர் வீதம் 5 விநாடி இழுக்குதுன்னு வைங்க. 200-ஐ 5-ஆல் பெருக்கி 3,600-ஆல் வகுத்தால் 0.28 ஆம்பியர்-மணி. அவ்வளவுதான்! 24 ஆம்பியர்-மணி பேட்டரி தேய்ந்து 12-ஆகப் பாதியானாலும், ஜம்முனு ஸ்டார்ட் ஆகும். விமானி நல்ல பேட்டரி என்று நம்பிக் கிளம்புவார்.

மேலே போனதும் ஆல்டர்னேட்டர் நின்றால்? அத்தியாவசியச் சாதனங்கள் 30 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. புது பேட்டரி ஏறக்குறைய 48 நிமிஷம் தரும். பாதி தேய்ந்தது 24 நிமிஷம்கூடத் தராது. மின்னோட்டம் கூடினால் கிடைக்கும் கொள்ளளவும் குறையும் என்று பியூகெர்ட் 1897-லேயே சொல்லிவிட்டார். மின் உற்பத்தி முழுதாக நின்றால், பத்திரமாகத் தரையிறங்கத் தேவையான சாதனங்களுக்கு பேட்டரி குறைந்தது 30 நிமிஷம் மின்சாரம் தரணும் என்பது இத்தகைய விமானங்களுக்கான அமெரிக்க விதிமுறையில் வந்த அளவு. அதிலும் ஆல்டர்னேட்டர் நின்றதை விமானி கவனிக்கும் வரை போகும் நிமிஷங்கள் இந்தக் கணக்கிலிருந்துதான் கழியும்.

அதனால்தான் விமான பேட்டரியின் கொள்ளளவை ஒரு மணி நேர வீதத்தில் அளக்கிறார்கள். கார் பேட்டரியில் எழுதியிருப்பது பொதுவாக 20 மணி நேர வீதம். இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டு ஏமாறாதீங்க.

கொள்ளளவுச் சோதனையும் எளிமையானதே. முழுதாக சார்ஜ் செய்த பேட்டரியை அதன் ஒரு மணி நேர மின்னோட்டத்தில் காலி செய்வார்கள். 12 வோல்ட் பேட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நிமிஷம் ஆச்சு? 60 நிமிஷம் என்றால் 100 சதவீதம். தயாரிப்பாளரைப் பொறுத்து 80 அல்லது 85 சதவீதம், அதாவது 48 அல்லது 51 நிமிஷத்துக்குக் கீழே வந்தால் அந்த பேட்டரி பறக்கத் தகுதியற்றது. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினாலும் சரி, கழற்றி வைத்துவிட வேண்டியதுதான்.

பார்த்துக்கொள்வது எப்படி?

ஹேங்கரில் நிற்கும் விமானத்தின் பேட்டரி மின்னழுத்தத்தை அவ்வப்போது அளங்க. 12 வோல்ட் பேட்டரி சுமை இல்லாமல் 12.5-க்குக் கீழே வந்தால் தள்ளிப்போடாமல் சார்ஜ் பண்ணுங்க. சார்ஜர் அந்த பேட்டரி வகைக்கு ஏற்றதா என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்க. கார் சார்ஜர் எல்லாம் இதற்கு ஒத்துவராது.

திறந்த வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், அதுவும் சார்ஜ் ஆன பிறகு அளவுக்குச் சரிசெய்யணும். அமிலம் சிந்தினால் விமானத்தின் அலுமினியத்தை அரித்துவிடும். வெளியே சிந்தியதைச் சமையல் சோடாக் கரைசலால் கழுவணும், செல்லுக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. ஹைட்ரஜன் வெளியேறும் குழாய் அடைக்காமல் இருக்கான்னு பாருங்க. டெர்மினல் இறுக்கமாக, சுத்தமாக இருக்கணும்.

மாஸ்டர் சுவிட்சை அணைக்க மறந்து பேட்டரி செத்துப்போவது சகஜம். அப்போது வெளி மின்சாரத்தில் ஸ்டார்ட் பண்ணி உடனே பறந்துவிட ஆசை வரும். வேண்டாம். ஆல்டர்னேட்டர் ஓடும் வரை எல்லாம் எரியும், ஆனால் அது நின்றால் பின்னால் காலி டப்பாதான் இருக்கும். கழற்றி, முழுதாக சார்ஜ் செய்து, கொள்ளளவைச் சோதித்துவிட்டுப் பறப்பதுதான் முறை.

பிளாந்தே 1889 மே 21-ல் மெடோனில் காலமானார். வயது 55. ரைட் சகோதரர்கள் பறக்க இன்னும் 14 வருஷம் இருந்தது. இன்ஜின் விமானத்தை அவர் பார்க்கவே இல்லை. சார்ஜர்கூட இல்லாத காலத்தில், எப்போது பயன்படும் என்று தெரியாமலே ஒரு செல்லை மாதக்கணக்கில் பழக்கினார். அந்தப் பொறுமையில் கொஞ்சத்தைத்தான் அது இன்றைக்கும் நம்மிடம் கேட்குது.

நாளைக்கு உங்களில் யாராவது ஒரு ஃபிளையிங் கிளப் ஹேங்கருக்கு இன்டர்ன்ஷிப் போனீங்கன்னா, பேட்டரி எந்தக் கம்பெனின்னு அப்புறம் கேளுங்க. கடைசியாகக் கொள்ளளவுச் சோதனை எப்போ நடந்துச்சு, எத்தனை நிமிஷம் தாங்குச்சு என்பதை முதலில் கேளுங்க.